‘தைஜோபு’ என்றால் ‘சரி’ இல்லை: ஜப்பானுக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜப்பானுக்கு வந்த ஒன்பதாவது நாள் வார்டு அலுவலகத்துக்குப் போய் முகவரிப் பதிவை முடித்தேன். கவுன்டரில் இருந்த பெண் என் ஸைர்யூ கார்டை (வெளிநாட்டவருக்கான வசிப்பு அட்டை) திருப்பிக் கொடுத்துக்கொண்டே "ஜூமின்ஹ்யோ வா தைஜோபு தெஸ்கா?" என்று கேட்டார். ஜூமின்ஹ்யோ என்பது குடியிருப்புச் சான்று. கம்பெனியில் அதைக் கட்டாயம் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். தைஜோபு என்றால் ‘ஓகே’ என்று சென்னையில் வகுப்பில் படித்திருந்தேன். சான்று எடுத்துக்கொள்கிறீர்களா, ஓகேவா என்று கேட்கிறார் என நினைத்து, உற்சாகமாக "ஹை, தைஜோபு தெஸ்" (ஆமாம், ஓகே) என்றேன். அவர் குனிந்து வணங்கி அடுத்த எண்ணை அழைத்தார். சான்று அச்சாகி வரும் என்று நாற்காலியில் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன், வரவே இல்லை. அலுவலகம் மூடும் நேரமும் வந்துவிட்டது. அன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை அரைநாள் விடுப்பு போட்டு மறுபடி போக வேண்டியதாயிற்று.

அவர் கேட்டது, "சான்று இல்லாமல் பரவாயில்லையா?" நான் சொன்னது, "பரவாயில்லை, வேண்டாம்."

அதற்குப் பிறகும் இந்த ஒரு சொல்லால் பணம் போயிருக்கிறது, நேரம் போயிருக்கிறது, ஒருமுறை உடம்புக்கே ஆபத்து வரப் பார்த்தது. ஜப்பானில் ஒரு நாளில் குறைந்தது பத்துத் தடவையாவது காதில் விழும் சொல் இது, பாடப்புத்தகத்திலும் முதல் நிலையிலேயே வந்துவிடுகிறது. அதனாலேயே யாரும் அதை நிறுத்திச் சொல்லிக்கொடுப்பதில்லை. நான் பட்டதை நீங்கள் படவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். வந்த முதல் மாதத்தில் எந்த வரிசையில் இந்தச் சொல்லைச் சந்திப்பீர்களோ ஏறக்குறைய அதே வரிசையில் போகிறேன்.

1. மனத்தில் இருக்கும் மொழிபெயர்ப்பை மாற்றுங்கள்

‘தைஜோபு = ஓகே = சரி’ என்று எழுதி வைத்திருந்தால் அதை அடித்துவிட்டு ‘பரவாயில்லை’ என்று எழுதுங்கள். ஆங்கிலம் வழியாகப் போவதால்தான் குழப்பமே வருகிறது, தமிழில் நேராக யோசித்தால் நமக்கு இது புதிய சொல்லே இல்லை.

வீட்டுக்கு வந்தவரிடம் "காப்பி சாப்பிடுறீங்களா?" என்று கேட்கிறோம். அவர் "பரவாயில்லை, இருக்கட்டும்" என்கிறார். காப்பி வேண்டாம் என்று யாரும் விளக்காமலேயே நமக்குப் புரிகிறது. பேருந்தில் ஒருவர் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்கிறார், "பரவாயில்லை" என்கிறோம். மளிகைக் கடையில் "அந்த பிராண்ட் இல்லை, இது பரவாயில்லையா?" என்கிறார்கள், நாம் "பரவாயில்லை, குடுங்க" என்கிறோம். முதலாவது மறுப்பு, இரண்டாவது ஆறுதல், மூன்றாவது சம்மதம். தைஜோபு இந்த மூன்று வேலையையும் அப்படியே செய்கிறது.

மூன்றுக்கும் அடியில் இருக்கும் எண்ணம் ஒன்றுதான்: இப்போது இருக்கும் நிலையே போதும், எனக்காக எதையும் மாற்ற வேண்டியதில்லை. ஆகவே யாராவது ஒன்றைத் தர முன்வரும்போது தைஜோபு என்றால் அது வேண்டாம் என்றாகிவிடும்.

பழகியபின் வேறு சில பயன்பாடுகளும் வரும். "கோனோ மிசு, நொந்தெமோ தைஜோபு?" என்றால் இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா, கெடுதல் இல்லையே என்று கேட்பது. "கார்டு தைஜோபு தெஸ்கா?" என்றால் கார்டில் பணம் கட்டலாமா என்று கேட்பது. இவற்றையும் பரவாயில்லை என்ற பொருளிலேயே பிடித்துவிடலாம்.

ஒரு பொறி: ‘தை’ இல்லாமல் வெறும் ‘ஜோபு’ என்று இன்னொரு சொல் உண்டு. அதற்கு உறுதியான, எளிதில் உடையாத என்று பொருள். "ஜோபுனா குட்சு" என்றால் நன்றாக உழைக்கும் செருப்பு. முதல் அசை காதில் விழவில்லை என்றால் அர்த்தம் எங்கோ போய்விடும்.

2. உச்சரிப்பு

ஐந்து மாத்திரை என்று எண்ணிக்கொள்ளுங்கள்: த, இ, ஜொ, ஒ, பு. முதல் எழுத்தை ‘டை’ என்று நாக்கை மடக்கிச் சொல்ல வேண்டாம். ‘பந்து’ என்று சொல்லும்போது கடைசியில் வரும் மென்மையான ஒலி இருக்கிறதே, அதுதான் முதலில் வரவேண்டும். ‘பு’வை ‘அம்பு’வில் சொல்வதுபோலச் சொல்ல வேண்டும். ஜோவைக் குறுக்கிவிடாதீர்கள், நீட்ட வேண்டும். ‘தெஸ்’ கடைசியில் ஒரு ‘உ’ இருந்தாலும் டோக்கியோ பக்கத்துப் பேச்சில் அது அநேகமாகக் கேட்காது.

உச்சரிப்பைவிட முக்கியமானது தலை. நாம் ஆமாம் என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுகிறோம். இங்கே அது ‘இல்லை’ போலத் தெரிகிறது, அல்லது இவருக்குப் புரியவில்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆமாம் என்றால் மேலும் கீழும் ஒருமுறை தெளிவாக ஆட்டுங்கள். வேண்டாம் என்றால் கையை முகத்துக்கு முன்னால் செங்குத்தாக வைத்து விசிறிபோல இரண்டு முறை ஆட்டுவார்கள், அதையே நீங்களும் செய்யலாம்.

3. கேள்வியில் ‘வா’ வருகிறதா, ‘தெ’ வருகிறதா என்று கேளுங்கள்

இந்த ஒரு படியை மட்டும் பிடித்துக்கொண்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ஒரு பொருளின் பெயருக்குப் பின் ‘தெ’ வந்து, பிறகு தைஜோபு தெஸ்கா என்று வந்தால், "இதைக் கொடுத்தால் பரவாயில்லையா, இதுவே போதுமா?" என்று பொருள். மருந்துக்கடையில் "ஜெனெரிக்கு தெ தைஜோபு தெஸ்கா?" என்பார்கள். ஜெனரிக் மருந்து தரலாமா என்று கேட்கிறார்கள். இங்கே "ஹை, தைஜோபு தெஸ்" சம்மதம்.

பெயருக்குப் பின் ‘வா’ வந்தால் இரண்டு வாய்ப்பு. கடைக்காரரோ அலுவலரோ உங்களுக்குத் தரக்கூடிய ஒரு பொருளாக இருந்தால் (பை, ரசீது, சான்று) "அது இல்லாமல் பரவாயில்லையா?" என்று பொருள். தைஜோபு என்றால் கிடைக்காது. உங்களைப் பற்றிய விஷயமாக இருந்தால் (நேரம், ஒவ்வாமை, உடல்நிலை) "அதில் ஏதும் சிக்கல் இல்லையே?" என்று பொருள். "ஒஜிகான் வா தைஜோபு தெஸ்கா?" என்றால் உங்களுக்கு நேரம் இருக்கிறதா என்று கேட்பது.

சிரமம் என்னவென்றால் பேச்சில் இந்த ‘வா’வைப் பலரும் விழுங்கிவிடுவார்கள். "ஃபுகுரோ தைஜோபு தெஸ்கா?" என்றுதான் கேட்கும். ‘தெ’வைப் பெரும்பாலும் விழுங்குவதில்லை. ஆகவே ‘தெ’ கேட்கவில்லை என்றால் ‘வா’ என்று வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு இது நன்றாகவே உதவியிருக்கிறது. இன்னொன்று, ‘நஷி தெ’ என்று வந்தால் ‘இல்லாமல்’ என்று பொருள். "ஃபுகுரோ நஷி தெ தைஜோபு தெஸ்கா?" என்றால் பை இல்லாமல் பரவாயில்லையா. ‘தெ’ வந்துவிட்டதே என்று அவசரப்பட்டு ஹை சொல்லிவிட்டால் பை கிடைக்காது.

4. பதிலில் தைஜோபு சொல்வதை முதல் மூன்று மாதம் நிறுத்துங்கள்

கேள்வி எப்படி வந்தாலும் சரி, நீங்கள் அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்லவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. எனக்கு இது புரிய ஒரு வருடம் ஆயிற்று. வேண்டும் என்றால் "ஒனெகாய் ஷிமஸ்" (தயவுசெய்து கொடுங்கள்). வேண்டாம் என்றால் "இரிமசென்". சற்று மரியாதையாக மறுக்க "கெக்கோ தெஸ்" இருக்கிறது, ஆனால் அதுவும் தைஜோபு போலவே இரண்டு பக்கமும் சாயும் சொல், அதனால் தொடக்கத்தில் வேண்டாம். இருக்கிறது என்றால் "அரிமஸ்", இல்லை என்றால் "அரிமசென்".

"இரிமசென்" கொஞ்சம் கறாராகக் கேட்கும் என்று ஜப்பானிய நண்பர்கள் சிலர் சொன்னார்கள். உண்மைதான். முன்னால் ஒரு "அ, சுமிமசென்" (மன்னிக்கவும்) சேர்த்துவிட்டால் போதும். கறாராகத் தெரிந்தாலும் தவறாகப் புரிந்துகொள்ள முடியாத சொல் என்பதுதான் புதியவருக்கு முக்கியம்.

கேள்வியே புரியவில்லை என்றால் சிரித்துக்கொண்டு ‘ஹை’ சொல்லாதீர்கள். "சுமிமசென், மோ இச்சிதோ ஒனெகாய் ஷிமஸ்" (இன்னொரு முறை சொல்லுங்கள்). அரசு அலுவலகங்களில் "யசஷீ நிஹொங்கோ தெ ஒனெகாய் ஷிமஸ்" என்று கேட்டுப் பாருங்கள். எளிய ஜப்பானிய மொழியில் பேசுங்கள் என்று பொருள். வெளிநாட்டவர்களுக்காக இப்படி எளிமையாகப் பேசும் முறையைப் பல ஊர் அலுவலகங்கள் கடைப்பிடிக்கின்றன. இதைக் கேட்ட பிறகு தைஜோபுவுக்குப் பதிலாக "வேண்டுமா, வேண்டாமா?" என்று நேராகக் கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

5. கடையில் பழகுங்கள், அங்கே தவறினால் சில யென்தான்

கொன்பினி என்று இங்கே சொல்லும் 24 மணிநேரக் கடைதான் நல்ல பயிற்சிக் களம். ஒரு தடவை போனால் மூன்று கேள்வி நிச்சயம்: பை, உணவைச் சூடாக்குவது, ரசீது. 2020 ஜூலை 1 முதல் பிளாஸ்டிக் பைக்குக் காசு வாங்குவது கட்டாயமாகிவிட்டதால் பையைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டார்கள். ஒரு பை பெரும்பாலும் சில யென்தான்.

"ஃபுகுரோ தைஜோபு தெஸ்கா?" வேண்டும் என்றால் "ஒனெகாய் ஷிமஸ்", இல்லையென்றால் "இரிமசென்". "அததமெமஸ்கா?" என்றால் சூடாக்கவா என்று கேட்கிறார்கள், இதற்கும் அதே இரண்டு பதில்கள். "ரெஷீட்டோ தைஜோபு தெஸ்கா?" என்பதில் மட்டும் கவனம் வையுங்கள். கம்பெனியில் செலவுக் கணக்குக் காட்ட வேண்டிய பொருளை வாங்கிவிட்டு அந்த வேகத்தில் தைஜோபு என்றால் ரசீது குப்பைக் கூடைக்குப் போய்விடும், பிறகு அந்தப் பணத்தைக் கேட்டு வாங்குவது பெரிய வேலை.

ஒரு வாரம் தினமும் ஒரு கடை என்று போய்வந்தால் காது பழகிவிடும். இந்தியர்கள் நிறைய வசிக்கும் நிஷிகசாய் போன்ற இடங்களில் வீடு எடுத்திருந்தால் எல்லாவற்றையும் இந்தியக் கடையிலேயே வாங்கிவிடத் தோன்றும், தொடக்கத்தில் அதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

6. வார்டு அலுவலகம்: ஆவணங்களும் கட்டணமும்

நரிதா, ஹனேதா போன்ற பெரிய விமான நிலையத்தில் இறங்கினால் ஸைர்யூ கார்டு அங்கேயே கையில் கிடைக்கும். வீட்டில் குடியேறிய நாளிலிருந்து 14 நாட்களுக்குள் அந்தக் கார்டு, பாஸ்போர்ட் இரண்டையும் எடுத்துக்கொண்டு போய் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். தவறினால் 2 லட்சம் யென் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. குடும்பத்துடன் வந்திருந்தால் எல்லோருடைய கார்டும் வேண்டும், திருமணச் சான்று, பிறப்புச் சான்று இவற்றின் ஜப்பானிய மொழிபெயர்ப்பையும் கேட்பார்கள். பெரும்பாலும் வார நாட்களில் காலை 8:30 முதல் மாலை 5 வரைதான். மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கத்தில் ஊரே வீடு மாறும் காலம் என்பதால் இரண்டு மூன்று மணிநேரம் காத்திருக்கத் தயாராகப் போங்கள்.

இப்போது ஜூமின்ஹ்யோ. கட்டணம் ஊருக்கு ஊர் வேறு, பல இடங்களில் ஒரு பிரதிக்கு 300 யென். வங்கி, கம்பெனி, ஓட்டுநர் உரிமம், எல்லா இடத்திலும் கேட்பார்கள். 3 மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்பது பல இடங்களில் நிபந்தனை, ஆகவே ஒரேயடியாக ஐந்து பிரதி எடுத்து வைப்பதில் பயனில்லை. பதிவு செய்யும் அன்றே இரண்டு எடுத்துக்கொண்டால் போதும். அதற்கு "ஜூமின்ஹ்யோ, நிமாய் ஒனெகாய் ஷிமஸ்" என்று அவர்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

இங்கே இன்னொரு பொறி இருக்கிறது, அதிலும் நான் விழுந்தேன். "மைநம்பா நோ கிசாய் வா தைஜோபு தெஸ்கா?" என்பார்கள். அரசு ஒவ்வொருவருக்கும் தரும் மை நம்பர் என்ற 12 இலக்க எண்ணைச் சான்றில் அச்சிடாமல் விட்டால் பரவாயில்லையா என்று கேட்கிறார்கள். சம்பளம், வரி வேலைக்குக் கம்பெனி கேட்டால் எண் இருக்க வேண்டும். இந்திய உரிமத்தை ஜப்பானிய ஓட்டுநர் உரிமமாக மாற்றப் போனால் எண் இருக்கக் கூடாது, ஆனால் நாட்டுரிமை விவரம் அச்சாகியிருக்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு எண் உள்ள சான்றோடு உரிம மையத்துக்குப் போனேன். ஒரு நாள் முழுக்க வீண், மறுபடி 300 யென்.

இதற்கு வழி, வாயால் பதில் சொல்லாமல் விண்ணப்பத்தில் குறியிடுவது. ஒவ்வொரு விவரத்துக்கும் எதிரே ‘ஹிட்சுயோ’ (வேண்டும்), ‘ஃபுயோ’ (வேண்டாம்) என்பது போல இரண்டு கட்டங்கள் இருக்கும். விரலால் தொட்டுக் காட்டிவிடுங்கள். எந்தச் சான்று எதற்கு என்று யார் கேட்டார்களோ அவர்களிடமே எழுதி வாங்கி, அந்தத் தாளைக் கவுன்டரில் காட்டினால் இன்னும் நல்லது. பிறகு மை நம்பர் கார்டு வாங்கிக்கொள்ளுங்கள், முதல் முறை இலவசம், கைக்கு வர ஒரு மாதம்போல ஆகும். அது வந்துவிட்டால் பெரும்பாலான ஊர்களில் கொன்பினி இயந்திரத்திலேயே காலை 6:30 முதல் இரவு 11 வரை சான்று எடுக்கலாம், பல ஊர்களில் கட்டணமும் குறைவு. இயந்திரம் தைஜோபுவா என்று கேட்காது, திரையில் தேர்ந்தெடுத்தால் போதும்.

7. வீட்டு ஒப்பந்தம்: இங்கேதான் பெரிய பணம் போகும்

வீட்டு முகவர் அலுவலகத்தில் முதலில் கேட்கும் தைஜோபு உங்களிடம் கேட்பதே அல்ல. முகவர் உங்கள் எதிரிலேயே வீட்டு உரிமையாளர் தரப்புக்குத் தொலைபேசி போட்டு, "வெளிநாட்டவர், தைஜோபு தெஸ்கா?" என்று கேட்பார். கேட்கும்போது மனத்துக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். பதில் இல்லை என்று வந்தால் அதோடு நேரத்தைச் செலவழிக்காமல் அடுத்த வீட்டுக்குப் போங்கள். தொடக்கத்திலேயே "கைகொகுஜின் தைஜோபு" (வெளிநாட்டவர் பரவாயில்லை) என்று குறிப்பிட்ட வீடுகளை மட்டும் காட்டச் சொன்னால் இரண்டு நாள் மிச்சம்.

அடுத்தது மதிப்பீட்டுத் தாள். தொடக்கச் செலவை ‘ஷொகி ஹியோ’ என்பார்கள். அதில் ‘ஷிகிகின்’ முன்பணம், ‘ரெய்கின்’ திரும்பி வராத நன்றித் தொகை, இரண்டும் பெரும்பாலும் ஒரு மாத வாடகை அளவு, சில வீடுகளில் இல்லாமலும் இருக்கும். அப்புறம் முதல் மாத வாடகை, உத்தரவாத நிறுவனக் கட்டணம், தீக்காப்பீடு, பூட்டு மாற்றும் செலவு, முகவர் கட்டணம். வாடகையைப் போல நான்கு முதல் ஆறு மடங்கு கையில் வைத்துக்கொண்டுதான் வீடு தேடப் போக வேண்டும்.

ஒவ்வொரு வரியையும் பேனாவால் தொட்டு, "கொச்சிரா மோ தைஜோபு தெஸ்கா?" என்று கேட்டுக்கொண்டே போவார்கள். ‘இதுவும் பரவாயில்லையா?’ கடையில் தைஜோபு என்றால் வேண்டாம் என்று பழகிய வாய், இங்கே அதையே சொன்னால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப்படும். நான் "தைஜோபு தெஸ்" என்று இரண்டு வரிகளுக்குச் சொன்னேன், மறுத்துவிட்டதாகவே நினைத்தேன். அறைக்குள் கிருமிநாசினி தெளிக்க 16,500 யென், 24 மணிநேர உதவிச் சேவை என்று 22,000 யென். மொத்தம் 38,500 யென், கையெழுத்துப் போட்ட பிறகு ஒன்றும் செய்ய முடியவில்லை.

நீங்கள் இப்படிச் செய்யுங்கள். மதிப்பீட்டுத் தாளை வாங்கிக்கொண்டு அன்றே எதற்கும் பதில் சொல்லாமல் வீட்டுக்கு வாருங்கள். "மொச்சிகயெத்தெ கங்காயெமஸ்" (எடுத்துப்போய் யோசிக்கிறேன்) என்றால் யாரும் தடுக்க மாட்டார்கள். மறுநாள் ஒவ்வொரு வரிக்கும் "கொரெ வா ஹிஸ்ஸு தெஸ்கா?" (இது கட்டாயமா?) என்று நீங்கள் கேளுங்கள். கட்டாயம் இல்லை என்றால் "ஹசுஷித்தெ குதசாய்" (எடுத்துவிடுங்கள்). முகவர் கட்டணத்தில் ஒரு விதி தெரிந்திருக்க வேண்டும்: குடியிருப்பு வீட்டுக்கு வாடகைக்கு வருபவரிடம் அரை மாத வாடகையும் வரியும் வாங்குவதுதான் அடிப்படை, நாம் முன்கூட்டியே ஒப்புக்கொண்டால்தான் ஒரு மாதமும் 10% வரியும் வரை போகலாம். பெரும்பாலான இடங்களில் முழு மாதம்தான் கேட்பார்கள். அந்த ஒப்புதலும் ஒரு தைஜோபுவில் முடிந்துவிடக் கூடியது.

ஒப்பந்தத்துக்கு முன் ‘ஜூயோ ஜிகோ செட்சுமெய்’ என்று முக்கிய விவரங்களை உரிமம் பெற்ற ஒருவர் படித்து விளக்குவது சட்டப்படி கட்டாயம். நேரிலோ இணையவழிக் காணொளியிலோ நடக்கும், சுமார் ஒரு மணிநேரம் ஆகும். பத்தி முடியும்போதெல்லாம் "கொகொ மதெ தைஜோபு தெஸ்கா?" என்பார்கள். இதுவரை புரிந்ததா, ஆட்சேபம் இல்லையே என்று கேட்பது. புரியாமல் ஹை போடாதீர்கள். அந்தத் தாளை இரண்டு நாள் முன்பே அனுப்பச் சொல்லி, ஜப்பானிய மொழி தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து படித்துவிட்டுப் போங்கள். காலி செய்யும்போது சுத்தம் செய்யும் செலவு யாருடையது, எத்தனை மாதம் முன்பு சொல்ல வேண்டும், ஒரு வருடத்துக்குள் காலி செய்தால் அபராதம் உண்டா, இந்த மூன்றும் அதில்தான் இருக்கும்.

செல்போன் எண் வாங்கும்போதும் இதே கதைதான், கூடுதல் சேவைகளைப் பற்றிய கேள்வியில் "தெ தைஜோபு" வந்தால் நிறுத்தி, மாதம் எவ்வளவு என்று கேளுங்கள்.

8. மருத்துவமனையும் மருந்துக்கடையும்

காப்பீட்டில் சேர்ந்திருந்தால் செலவில் பொதுவாக 30% நம் பங்கு. 2024 டிசம்பர் 2 முதல் பழைய காப்பீட்டு அட்டை புதிதாகத் தருவதில்லை. மை நம்பர் கார்டைக் காப்பீட்டோடு இணைத்துக் கொண்டுபோக வேண்டும், இணைக்காதவர்களுக்கு ‘ஷிகாகு ககுனின்ஷோ’ என்ற தாள் தருவார்கள்.

உள்ளே போனதும் ‘மொன்ஷின்ஹ்யோ’ என்ற கேள்வித்தாள் கொடுப்பார்கள். "அரெருகீ வா தைஜோபு தெஸ்கா?" என்பதற்குத் தைஜோபு என்றால் ஒவ்வாமை எதுவும் இல்லை என்று எழுதிக்கொள்வார்கள். இருந்தால் "அரிமஸ்" என்று சொல்லி, மருந்தின் பெயரை எழுதிக் கொடுங்கள், மருந்துப் பெயர்களின் உச்சரிப்பு இங்கே மிகவும் மாறிவிடும்.

தொடர்ந்து மருந்து சாப்பிடுபவர்கள் கவனிக்கவேண்டிய கேள்வி, "குசுரி வா மதா தைஜோபு தெஸ்கா?" மருந்து இன்னும் கைவசம் இருக்கிறதா, போதுமா என்று டாக்டர் கேட்கிறார். மருந்து எப்படி, ஒத்துக்கொள்கிறதா என்று கேட்பதாக நினைத்து என் அப்பா தைஜோபு என்றார், ரத்த அழுத்த மாத்திரைக்குச் சீட்டு எழுதாமலே அனுப்பிவிட்டார்கள். இன்னும் எத்தனை நாளுக்கு இருக்கிறது என்று எண்ணிக்கை சொல்லிவிட்டால் குழப்பம் வராது: "அதோ மிக்காபுன்" (இன்னும் மூன்று நாளுக்கு).

மருந்துக்கடையில் ‘ஒகுசுரி தெச்சோ’ என்ற மருந்துக் குறிப்பேடு கேட்பார்கள், இல்லையென்றால் இலவசமாகத் தருவார்கள். ஜெனரிக் கேள்விக்கு இங்கே தைரியமாக ஹை சொல்லலாம். ஜெனரிக் இருக்கும்போது அசல் மருந்துதான் வேண்டும் என்று நாமாகக் கேட்டால், 2024 அக்டோபர் முதல் பல மருந்துகளுக்குக் கூடுதல் தொகை கட்ட வேண்டும்.

9. சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு

"நிகு வா தைஜோபு தெஸ்கா?" இறைச்சி சாப்பிடுவீர்களா, அதில் சிக்கல் இல்லையே என்று கேட்கிறார்கள். வேண்டாம் என்ற எண்ணத்தில் "நிகு, தைஜோபு தெஸ்" என்றால் இறைச்சி சாப்பிடுவேன் என்று ஆகிவிடும். இந்த ஒரு இடத்தில் தைஜோபு வாயிலேயே வரக்கூடாது. "நிகு மோ சகனா மோ தபெமசென்" (இறைச்சியும் மீனும் சாப்பிடமாட்டேன்). அதோடு நிறுத்தினால் போதாது, மிசோ சூப்பிலும் உதோன் என்ற நூடுல்ஸின் குழம்பிலும் ‘தஷி’ என்ற மீன் சாறு பெரும்பாலும் இருக்கும், அதை அவர்கள் மீன் என்றே கருதுவதில்லை. "கட்சுவோ தஷி மோ தமெ தெஸ்" (கட்சுவோ மீன் சாறும் ஆகாது) என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். இதை ஜப்பானிய எழுத்தில் ஒரு நண்பரிடம் எழுதி வாங்கிச் செல்போனில் படமாக வைத்துக்கொண்டால் எங்கும் காட்டலாம்.

10. வேலை இடத்தில்

மேலாளர் "தைஜோபு?" என்று கேட்டால் பலசமயம் அது நலம் விசாரிப்பு இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா என்று கேட்கிறார். தைஜோபு என்று நீங்கள் சொன்னால் அது வாக்கு. முடியாத நிலை என்றால் அன்றே "ச்சொத்தோ கிபிஷீ தெஸ்" (கொஞ்சம் கடினம்) என்று சொல்லி, எத்தனை நாள் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். வெள்ளிக்கிழமை காலையில் சொல்வதை இங்கே மிகப் பெரிய தவறாகப் பார்க்கிறார்கள். அதே நேரம், மற்றவர்கள் "தபுன் தைஜோபு" (அநேகமாகப் பரவாயில்லை) என்றோ "தைஜோபு தா தொ ஒமொயிமஸ்" (பரவாயில்லை என்று நினைக்கிறேன்) என்றோ சொன்னால் உறுதி இல்லை என்று எடுத்துக்கொண்டு மறுபடி விசாரியுங்கள்.

மேலே இருப்பவர்களிடமும் வாடிக்கையாளரிடமும் தைஜோபு கொஞ்சம் மரியாதைக் குறைவாகப் படும். வேலையை ஏற்றுக்கொள்ள "ஷோச்சி ஷிமஷ்தா", இது போதுமா என்று கேட்க "யொரொஷீ தெஷோகா?" போதும்.

11. விழுந்தால், அடிபட்டால்

கடைசியாக வைத்திருக்கிறேன், ஆனால் முதல் நாளே தெரிந்திருக்க வேண்டியது இது.

இரண்டாம் வருடம் ஒரு மழை நாளில் சைக்கிளில் போகும்போது திருப்பத்தில் வந்த கார் இடித்துக் கீழே விழுந்தேன். ஓட்டியவர் ஓடிவந்து "தைஜோபு தெஸ்கா? தைஜோபு தெஸ்கா?" என்று பதறினார். நம் வாய் தன்னாலே சொல்லும் பதில் என்ன? "தைஜோபு, தைஜோபு." அவர் பலமுறை மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விட்டார். இரவில் முழங்கால் வீங்கியது, மறுநாள் எலும்பில் கீறல் என்றார்கள். காரின் எண்ணும் தெரியாது, போலீஸ் பதிவும் இல்லை. போலீஸில் பதிவு இல்லாமல் விபத்துச் சான்று கிடைக்காது, அது இல்லாமல் எதிர்த்தரப்புக் காப்பீட்டை நெருங்குவது மிகவும் கடினம். ஆறு வாரச் சிகிச்சையும் என் செலவில்தான்.

அடிபட்ட அந்த நிமிடம் வலி தெரியாது. ஆகவே எவ்வளவு சின்ன இடியாக இருந்தாலும் தைஜோபு சொல்லாதீர்கள். "கேசாட்சு ஒ யொந்தெ குதசாய்" (போலீஸைக் கூப்பிடுங்கள்) என்று சொல்லுங்கள். விபத்தைப் போலீஸுக்குத் தெரிவிப்பது வண்டி ஓட்டியவரின் சட்டக் கடமை, நீங்கள் கேட்பதில் தவறே இல்லை. அவர் தயங்கினால் நீங்களே 110-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸுக்கு 119, அது வருவதற்குக் கட்டணம் கிடையாது. வண்டி எண்ணையும் ஓட்டுநர் உரிமத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வலி இல்லாவிட்டாலும் அன்றே, முடியாவிட்டால் மறுநாளே டாக்டரிடம் போய்ப் பரிசோதித்துச் சான்று வாங்கி, அதைப் போலீஸிடம் கொடுங்கள். போலீஸ் வந்ததும் "தைஜோபு தெஸ்கா?" என்று அவர்களும் கேட்பார்கள். வலிக்கும் இடத்தைத் தொட்டு "கொகொ கா இதாய் தெஸ்" (இங்கே வலிக்கிறது) என்று சொல்லுங்கள், வலி தெரியவில்லை என்றால் "மதா வகரிமசென்" (இன்னும் தெரியவில்லை).